பேரீச்சம்பழத்துக்குப் போட முடியாத வண்டி

எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் மூன்று மாதமாக ஒரு குட்டியானை நிற்கிறது. டாடா ஏஸ் வண்டியைத்தான் சொல்கிறேன். நம் பக்கத்தில் அதற்கு அதுதானே பெயர். என் அக்கா மகனுடைய வண்டி. 2007-ல் புதிதாக வாங்கி, மாலை போட்டு, குற்றாலம் கொண்டுபோய்க் குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். அன்றிலிருந்து பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையை நம்பியே அது ஓடியது. சுற்று வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து விடியுமுன் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் பல்லாரியும் ஏற்றி வரும். சில நாள் செங்கோட்டை, புளியரை தாண்டிக் கேரளாவுக்கும் போகும். அந்த வண்டியின் சம்பாத்தியத்தில் ஒரு வீடு எழும்பியது. ஒரு தங்கைக்குக் கல்யாணம் நடந்தது.

இப்போது வண்டிக்கு வயதாகிவிட்டது. பின் தளம் துருவேறி ஓட்டை விழுந்துவிட்டது. டீசலைக் காட்டிலும் ஆயிலைத்தான் அதிகமாகக் குடிக்கிறது. ஸ்டார்ட் செய்தால் தெருவே கொசு மருந்து அடித்த மாதிரி ஆகிவிடுகிறது. எஃப்.சி. தேதி வந்தது. 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2022 ஏப்ரல் 1 முதல் கட்டணங்களையெல்லாம் மத்திய அரசு ஏற்றிவிட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொந்தக் காரைத் திரும்பப் பதிய 600 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது. பஸ், லாரிக்குத் தகுதிச் சான்று 12,500 ஆனது. குட்டியானைக்கும் அதற்குத் தக்கபடி.

"மாமா, இதுக்கு மேல இதுல துட்டைக் கொட்ட முடியாது. பேரீச்சம்பழத்துக்குப் போட்டுர வேண்டியதுதான்" என்றான் மருமகன்.

இளைஞர்களுக்கு இந்தச் சொல் வெறும் கேலி. நம் வயதுக்காரர்களுக்கு அது நிஜம். தள்ளுவண்டிக்காரர் தெருவில் வருவார். ஓட்டை விழுந்த ஈயப் பாத்திரத்தையும் உடைந்த அரிவாளையும் கொடுத்தால் கை நிறையப் பேரீச்சம்பழம் தருவார். அதற்காகவே நல்ல கரண்டியைத் திருடிக்கொண்டுபோய் அம்மாவிடம் அடி வாங்கியவன் நான்.

"பொறுடே" என்று நான்தான் தடுத்தேன். அதனால்தான் வண்டி மூன்று மாதமாக நிற்கிறது. வீட்டில் எல்லோருக்கும் என் மேல் கோபம். ஏன் தடுத்தேன் என்பதை அவர்களுக்கும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் 34 வருடம் பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். ஓடி முடித்த பஸ்ஸை எங்கள் பாஷையில் 'கண்டம்' என்போம். கண்டமான பஸ்ஸை ஏலத்தில் எடுக்க இரும்புக் கடைக்காரர்கள் வருவார்கள். காயலான் கடை என்று ஊரெல்லாம் சொல்கிறோமே, அது நம் காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்த பெயர் என்பார்கள். அவர்கள் வண்டியைப் பிரிக்கிற அழகைப் பார்த்து நான் அசந்து போயிருக்கிறேன். ஒரு சம்மட்டி, ஒரு உளி, ஒரு கேஸ் கட்டர், நாலு ஸ்பேனர். நாலு பேர் சேர்ந்தால் பொழுது சாய்வதற்குள் ஒரு பஸ் காணாமல் போய்விடும். கண்ணாடி ஒரு பக்கம், சீட்டுக் கம்பி ஒரு பக்கம், அலுமினியத் தகடு ஒரு பக்கம், வயரிலிருந்து எடுத்த செம்பு தனியே. சென்னை புதுப்பேட்டைக்குப் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இந்தியாவில் வண்டியின் இரும்பு குப்பைக்குப் போனதாகச் சரித்திரமே கிடையாது. ஒரு போல்ட்டைக்கூட விடமாட்டார்கள்.

அப்படியானால் என்ன குறை? விலை போகிற பொருளைத்தான் அவர்கள் எடுப்பார்கள். விலை போகாதது அங்கேயே கிடக்கும். பிரேக் ஆயில், ரேடியேட்டர் தண்ணீரில் கலந்த கூலன்ட், கியர் ஆயிலின் அடி வண்டல் எல்லாம் மண்ணுக்குள் போகும். செம்பு எடுப்பதற்காக வயரைக் கொளுத்துவார்கள். சீட்டுப் பஞ்சையும் அந்தத் தீயிலேயே போடுவார்கள். அந்தக் கரும்புகையின் நாற்றம் இரண்டு தெரு தாண்டியும் வரும்.

மற்றவர்களை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. எங்கள் தோட்டத்து வேலிக்கால்களைக் கரையான் அரிக்காமல் இருக்கப் பழைய எஞ்சின் ஆயிலை வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றியவன் நான்தான். சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கொத்தனார் கேட்டால் கொடுத்து அனுப்புவேன். அதை உபகாரம் என்றே நினைத்தேன். அந்தக் கறுப்பு ஆயிலில் எஞ்சின் தேய்மானத்தின் உலோகத் துகளும் எரிந்த எண்ணெயின் நஞ்சும் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேலிக்குப் பக்கத்தில்தான் எங்கள் கிணறு இருந்தது.

இன்னொன்றும் மனதை விட்டுப் போகவில்லை. பல வருடங்களுக்கு முன்பு பக்கத்து ஊர் இரும்புக் கடை ஒன்றில், இருபது வயதுப் பையன் ஒருவன் பழைய காரின் பெட்ரோல் டாங்க்கைக் கேஸ் கட்டரால் வெட்டினான். "காலி டாங்க்தானே" என்று நினைத்துவிட்டான். நிறைந்த டாங்க்கைவிடக் காலி டாங்க் ஆபத்து. உள்ளே பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து நிற்கும். வெடித்தது. முகமும் இரண்டு கைகளும் வெந்து போயின. பிழைத்துக்கொண்டான், ஆனால் விரல்கள் மடங்கவில்லை. டாங்க்கை வெட்டுமுன் தண்ணீர் நிரப்பி ஆவியை வெளியேற்ற வேண்டும் என்பது எங்கள் டிப்போவில் எழுதி ஒட்டிய விதி. அந்தக் கடையிலும் தண்ணீர்க் குழாய் இருந்தது. விதிதான் இல்லை.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்தது தொடங்குகிறது. விதி என்றாலே நமக்கு ஃபைன், ஃபார்ம், அலைச்சல் இவைதான் ஞாபகம் வருகின்றன. நான் பார்த்தவரையில், நல்ல விதி ஒன்று வந்த பிறகுதான் நல்ல கருவி வருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை. விதி எதை எண்ணச் சொல்கிறதோ, மனிதனின் மூளை அதில் மட்டும்தான் வேலை செய்யும்.

கொஞ்சம் வெளியூர்க் கதை சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் பழைய காரைத் திறந்தவெளியில் கொளுத்துவார்கள். சீட்டு, துணி, ரப்பர், பெயிண்ட் எல்லாம் எரிந்துபோய் இரும்பு மட்டும் மிஞ்சும். அதுதான் அன்றைய சுத்திகரிப்பு. நகரம் நகரமாகப் புகைக்கு எதிராகச் சட்டம் வந்து, கொளுத்துவதற்குத் தடை வந்தது. சாலையோரத்துப் பழைய வண்டிக் கிடங்குகளை மறைக்க வேண்டும் என்று 1965-ல் அதிபர் ஜான்சன் காலத்தில் ஒரு சட்டமும் வந்தது. கொளுத்த முடியாது, குவித்து வைக்கவும் முடியாது என்றானபோது, டெக்சாஸ் பக்கத்தில் உருவாகியிருந்த ஒரு ராட்சத இயந்திரத்துக்கு மவுசு வந்தது. முழுக் காரையும் சுத்தியல்களால் அடித்துக் கை அகலத் துண்டுகளாக்கும். காந்தம் இரும்பைத் தனியே இழுத்துக்கொள்ளும். ஷ்ரெடர் என்று பெயர். இன்று உலகமெங்கும் பழைய கார்கள் அதில்தான் அரைபடுகின்றன.

அதிலும் ஒரு மிச்சம் உண்டு. இரும்பு போக மீதியுள்ள பிளாஸ்டிக், ரப்பர், பஞ்சு, கண்ணாடி, மண் எல்லாம் கலந்த தவிடு. அதை என்ன செய்வது? ஜப்பானில் தெஷிமா என்று ஒரு சின்னத் தீவு. மீனும் விவசாயமுமாக வாழ்ந்த ஊர். அங்கே ஒரு கம்பெனி அனுமதிக்கு மாறாகப் பல வருடம் இந்தத் தவிட்டைக் கொண்டுவந்து கொட்டியும் எரித்தும் வந்தது. 1990-ல் போலீஸ் வந்துதான் நின்றது. ஊர்க்காரர்கள், அதிலும் நம் வயதுக்காரர்கள், வருடக்கணக்காகப் போராடினார்கள். கடைசியில் 9 லட்சம் டன்னுக்கு மேலான நச்சுக் கழிவை, மண்ணோடு சேர்த்துக் கப்பலில் ஏற்றிப் பக்கத்துத் தீவான நவோஷிமாவுக்குக் கொண்டுபோய் எரித்து உருக்கி முடிக்க 2017 வரை ஆனது.

அந்தச் சூடு பட்ட ஜப்பான் 2002-ல் வாகன மறுசுழற்சிச் சட்டம் போட்டு 2005 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் சூட்சுமத்தைப் பாருங்கள். இரும்பைப் பற்றி அந்தச் சட்டம் கவலைப்படவில்லை. இரும்பை எப்படியும் யாராவது வாங்கிக்கொள்வார்கள். யாரும் வாங்காத மூன்றைப் பிடித்தது: அரைத்த தவிடு, ஏர்பேக், ஏ.சி. கேஸ். இந்த மூன்றையும் வண்டி செய்த கம்பெனிதான் திரும்ப வாங்கிக் கையாள வேண்டும். அதற்கான காசை வண்டி வாங்குகிறவர் வாங்கும்போதே கட்டிவிடுவார். தவிட்டில் 2005-ல் 30%, 2010-ல் 50%, 2015-ல் 70% பயன்படுத்தப்பட வேண்டும் என்று படிப்படியாக இலக்கு வைத்தார்கள். வெப்பமாக எடுப்பதையும் சேர்த்து, அவர்கள் 90 சதவீதத்தையும் தாண்டிவிட்டார்கள். கம்பெனியின் தலையில் செலவு விழுந்ததும் கம்பெனி என்ஜினியர் யோசித்தார். அவ்வளவுதான் விஷயம்.

ஐரோப்பாவும் 2000-ல் சட்டம் போட்டது. 2006-க்குள் வண்டியின் எடையில் 85%, 2015-க்குள் 95% மீட்கப்பட வேண்டும். 2003 ஜூலை முதல் புது வண்டிகளில் ஈயம், பாதரசம், காட்மியம், ஒரு வகைக் குரோமியம் ஆகியவற்றுக்குத் தடை. பேட்டரி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. இதன் அடையாளத்தை மெக்கானிக்குகள் கண்ணால் பார்த்திருக்கலாம். முன்பெல்லாம் போல்ட், நட் எல்லாம் தங்க மஞ்சளாக மின்னும். அந்த மஞ்சள் பெரும்பாலும் அந்தக் குரோமியத்தால் வந்தது. இப்போது வெள்ளியும் லேசான நீலமுமாக வருகின்றன. வீல் பேலன்ஸ் செய்யும்போது ரிம்மில் அடிக்கிற ஈயக் கட்டிக்குப் பதிலாக அங்கே துத்தநாகமும் இரும்பும் வந்துவிட்டன. ஜெர்மன் கம்பெனிகள் முன்னின்று, வண்டியின் ஒவ்வொரு உதிரிபாகத்திலும் என்னென்ன பொருள் எத்தனை கிராம் இருக்கிறது என்று பதியும் ஒரு பொதுக் கணினிப் பேரேட்டை உருவாக்கினார்கள். நம் சென்னை, ஓசூர் பக்கத்தில் ஏற்றுமதிக்கு உதிரிபாகம் செய்கிறவர்களும் அதில் கணக்கு எழுதியாக வேண்டும். எங்கோ பிரஸ்ஸல்ஸில் எழுதிய விதி ஓசூரில் ஒரு போல்ட்டின் நிறத்தை மாற்றுகிறது.

ஐரோப்பியச் சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருந்தது. அது எடையை மட்டும் எண்ணியது. அதனால் மூளையெல்லாம் எடைக் கணக்கை நிரப்புவதில் போனது. வண்டியைப் பொறுமையாகப் பிரித்து நல்ல பாகத்தைத் திரும்ப ஓட வைப்பதைவிட, மொத்தமாக அரைத்துத் தவிட்டைச் சலிக்கிற இயந்திரங்களே வளர்ந்தன. அரைக்கும்போது செம்பு வயர் துணுக்குகள் இரும்போடு கலந்துவிடும். உருக்கிய இரும்பிலிருந்து செம்பைப் பிரிப்பது அவ்வளவு எளிதல்ல. செம்பு கலந்த இரும்பைச் சூட்டில் உருட்டித் தகடாக்கினால் மேலெல்லாம் வெடிப்பு விடும். காரிலிருந்து வந்த இரும்பு மறுபடி காருக்குத் தகடாகாமல் கட்டடக் கம்பியாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே 2023-ல் முன்வைத்த புதிய சட்ட வரைவில், அரைப்பதற்கு முன்பே வயர்களையும் இன்னும் பல பாகங்களையும் கழற்ற வேண்டும் என்றும், புது வண்டியின் பிளாஸ்டிக்கில் கால் பங்கு மறுசுழற்சிப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அரைக்குமுன் வயரை உருவு என்று ஐரோப்பா இப்போது சொல்கிறது. நம் காயலான் கடைப் பையன் அதை எந்தக் காலத்திலிருந்தோ செய்து வருகிறான். உருவின வயரைக் கொளுத்தாமல் தோலுரிக்க ஒரு சின்ன இயந்திரம் இருந்தால் போதும். அவன் உலகத்துக்கே முன்னோடி.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 13-ல் பிரதமர் வாகன அழிப்புக் கொள்கையைத் தொடங்கி வைத்தார். அதே செப்டம்பரில் பதிவு பெற்ற அழிப்புக் கூடங்களுக்கான விதிகள் வந்தன. வண்டியை அங்கே ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால், சொந்த வண்டிக்கு 25% வரையும் வாடகை வண்டிக்கு 15% வரையும் சாலை வரியில் மாநிலங்கள் சலுகை தரலாம் என்றது மத்திய அரசு. அடுத்து 2025 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆயுள் முடிந்த வாகனங்களுக்கென்றே தனி விதிகள் போட்டு, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இது முக்கியமானது. வண்டி செய்த கம்பெனியின் மேல் முதன்முறையாகக் கடமை விழுந்திருக்கிறது. 15 வருடத்துக்கு முன் விற்ற வாடகை வண்டிகளிலும் 20 வருடத்துக்கு முன் விற்ற சொந்த வண்டிகளிலும் போட்ட எஃகில் குறைந்தது 8 சதவீதத்துக்கு அவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். 2030-லிருந்து 13%, 2035-லிருந்து 18%. அழிப்புக் கூடங்கள் தரும் சான்றிதழை வாங்கி இந்தக் கணக்கை நிரப்பலாம். டிராக்டருக்கு விலக்கு உண்டு.

கம்பெனியைப் பொறுப்பாக்கியதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் எண்ணுவதற்கு ஏன் எஃகைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. நம் ஊரில் இரும்பு என்றைக்காவது வீணானதா? யாரும் சொல்லாமலே நூறு சதவீதம் போய்ச் சேருகிற பொருளுக்கு 8% இலக்கு வைத்தால், எந்தப் புதுக் கருவி பிறக்கும்? சான்றிதழ் வாங்கி விற்கிற கம்ப்யூட்டர் புரோகிராம்தான் பிறக்கும். எண்ண வேண்டியது மண்ணுக்குப் போகிறதை. ஏ.சி.யில் இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ், கரியமில வாயுவைப்போல 1,300 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். சம்மட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் புஸ்ஸென்று போய்விடுகிறது. எத்தனை வண்டியிலிருந்து எத்தனை கிலோ கேஸ் பிடித்தாய், எத்தனை லிட்டர் பிரேக் ஆயில், எத்தனை கிலோ சீட்டுப் பஞ்சு, எத்தனை கிலோ பிளாஸ்டிக் என்று கம்பெனியைக் கேட்டுப் பாருங்கள். பத்து வருடத்தில் எளிதாகக் கழற்றக்கூடிய டாஷ்போர்டும், ஒரே திருகில் வடிகிற டாங்க்கும் வந்துவிடும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். பேட்டரிக்கு 2022-ல் தனி விதி வந்திருக்கிறது. டயருக்கும் பழைய ஆயிலுக்கும் தயாரிப்பாளர் பொறுப்பு வந்துவிட்டது. பதிவு பெற்ற கூடங்களில் முதலில் எல்லாத் திரவங்களையும் வடித்து, கேஸைப் பிடித்து, ஏர்பேக்கைச் செயலிழக்கச் செய்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் வண்டி அந்தக் கூடத்துக்குப் போனால்தானே?

இதைப் பற்றி எங்கள் பக்கத்து இரும்புக் கடைத் தம்பியிடம் பேசினேன்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுத சட்டம்லாம் பெரிய முதலாளிக்குலா. என்கிட்ட வண்டி வந்தா அன்னைக்கே துட்டு. எஞ்சினை எஞ்சினாவே வித்துருவேன், முப்பத்தெட்டாயிரம் தாரேன். அங்க கொண்டுபோனா வெறும் எடைக்குத்தான் போடுவான், லாரி வாடகை வேற. யாரு போவா? நாளைக்கு நீயும் அந்த மாதிரி ஷெட்டு போடுன்னு சொன்னா நான் எங்க போவேன்? என்கிட்ட இருக்க ஆறு பேரும் எங்க போவான்?"

அவன் சொல்வதில் பொய் இல்லை. மருமகன் விசாரித்த வரையில் அங்கீகாரம் பெற்ற கூடத்துக்கு எங்கள் வண்டியை ஏற்றிக்கொண்டு வெகுதூரம் போக வேண்டும். வாடகை போகக் கையில் மிஞ்சுவது இவன் தருவதில் பாதிகூட இல்லை. சட்டம் ஒரு பக்கம் வரிச்சலுகையைக் காட்டுகிறது. புது வண்டி வாங்க வசதி இல்லாதவனுக்குச் சலுகையால் என்ன லாபம்?

ஆனால் அவனுக்கு நான் ஒன்று சொன்னேன். "தம்பி, இன்னைக்கு டீசல் வண்டியை உளியால வெட்டுத. நாளைக்கு எலெக்ட்ரிக் ஆட்டோவும் காரும் உன் வாசலுக்கு வரும். அதுல இருக்க லித்தியம் பேட்டரியில உளி இறங்குச்சுன்னா என்ன ஆவும்னு யோசிச்சியா?" அவன் பதில் பேசவில்லை. விரல் மடங்காத அந்தப் பையனை அவனுக்கும் தெரியும்.

என் யோசனை இதுதான். இரும்புக் கடையை மூட வேண்டாம், முதல் படியாக ஆக்குங்கள். 2025 விதியிலேயே வண்டியை அழிப்புக் கூடத்தில்தான் விட வேண்டும் என்றில்லை. கம்பெனி குறிப்பிடும் விற்பனை நிலையத்திலோ சேகரிப்பு மையத்திலோ ஒப்படைக்கலாம் என்று இருக்கிறது. அந்தச் சேகரிப்பு மையம் தென்காசி மாதிரி மாவட்டத்துக்கு ஒன்று வரட்டும். அதை நடத்தும் உரிமையை இந்தத் தொழிலில் கை தேர்ந்த இரும்புக் கடைக்காரர்களுக்கே கூட்டாகக் கொடுக்கட்டும். வேண்டியது பெரிய ஷ்ரெடர் இல்லை. சிமென்ட் தளம், ஆயில் வழிந்தோடாத வாய்க்கால், வடிகால் தட்டுகள், கேஸ் பிடிக்கிற இயந்திரம், வயர் தோலுரிக்கும் இயந்திரம், நல்ல கையுறை. இவற்றைக் கம்பெனிகள் தங்கள் கடமைக் கணக்கில் வாங்கித் தரட்டும். ஆயில், கேஸ், பஞ்சு எல்லாம் இங்கே பிடிபட்ட பிறகு வெறும் கூட்டை மட்டும் பெரிய கூடத்துக்கு அனுப்பினால் லாரி வாடகையும் குறையும். செம்பு கலக்காத நல்ல இரும்பு என்பதால் அதற்கு விலையும் கூடும். சேஸ் நம்பரை வெட்டி எடுத்துப் பதிவை முறையாக ரத்து செய்தால், நாளை ஏதாவது குற்றத்தில் நம் பெயர் அடிபடும் பயமும் இருக்காது. நம் மாவட்டத்து ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு இதை ஒரு பாடமாக வைத்தால், அவர்களே இன்னும் மலிவான கருவியைச் செய்து காட்டுவார்கள். நம் பிள்ளைகளின் கையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பீர்கள். டெல்லியில் பஸ்களையெல்லாம் சி.என்.ஜி.க்கு மாற்று என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது எங்கள் டிப்போவில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான். கேஸில் பஸ் ஓடுமா, சிலிண்டர் வெடிக்காதா என்றோம். 2002 முடிவதற்குள் டெல்லி நகரப் பஸ்கள் எல்லாம் மாறிவிட்டன. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோலை நாடு முழுவதும் நிறுத்தியபோது வால்வு எரிந்துபோகும் என்று பயமுறுத்தினோம். ஒன்றும் ஆகவில்லை. முடியாது என்று சொன்னவர்களே பிறகு அதைச் செய்து காட்டினோம். விதி கேட்டது, நாங்கள் பதில் கண்டுபிடித்தோம். எஃகை மட்டும் கேட்டால் எஃகைப் பற்றிய பதில்தான் வரும்.

வேப்பமரத்தடிக் குட்டியானைக்கு வருகிறேன். போன வாரம் அதன் அடியில் குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்கு நேர் கீழே மண்ணில் ஒரு கறுப்பு வட்டம், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. சட்டம் பேசுகிற மாமாவின் வாசலிலேயே ஆயில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலமே மருமகனைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக உட்கார்ந்து எஞ்சின் ஆயில், கியர் ஆயில், டீசல் எல்லாவற்றையும் தனித்தனிக் கேனில் வடித்தோம். பேட்டரியைக் கழற்றி, புதுப் பேட்டரி விற்கும் கடையில் கொடுத்தோம். கறுப்பு மண்ணைச் சுரண்டிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். அதை யாரிடம் கொடுப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை. வண்டியை அங்கீகாரம் பெற்ற கூடத்துக்கே அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. இரும்புக் கடைத் தம்பி தருவதாகச் சொன்ன தொகைக்கும் அவர்கள் தருவதற்கும் உள்ள வித்தியாசத்தை என் பென்ஷனில் இருந்து மருமகனுக்குக் கொடுத்துவிடுவேன். வேலிக்கு ஊற்றிய ஆயிலுக்கு இது என் அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஊருக்கெல்லாம் என் பென்ஷன் போதாது. உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் பழைய அம்பாசிடரோ, எம்-80-யோ, ஓடாத ஜீப்போ நின்றால், முதலில் அதன் அடியில் ஒரு தரம் குனிந்து பாருங்கள்.